முள் காட்டிய எழுபது

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக இடது மணிக்கட்டை வெந்நீரில் வைத்தேன். உப்புப் போட்ட வெந்நீர். பத்து தடவை மேலே, பத்து தடவை கீழே. மேலே வருகிறது, கீழே பாதிதான் போகிறது. இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லி ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் விட மனம் வரவில்லை. ஒரு நாள் விட்டால் கை என்னிடம் கோபித்துக்கொள்ளும் என்று நினைப்பு.

அவர் வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியின் தகுதிச் சான்று, எஃப்.சி., இந்த மாதம் 28-ஆம் தேதியோடு முடிகிறது. புதுச் சான்று இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. பெயிண்ட், பிரேக், விளக்கு எல்லாம் சரி. மீட்டர்தான் பயமாம். போன வாரம் வேடியப்பன் அண்ணன் லாரியைப் புதிதாக வந்திருக்கும் மெஷினில் ஏற்றிப் பார்த்து, வேகம் தப்பாகக் காட்டுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“நம்மளுதும் ஜாஸ்திதான் காட்டுது மதி. எவ்ளோ ஜாஸ்தின்னு தெரியல” என்றார்.

“எப்பத்துலேர்ந்து?”

“எனக்குத் தெரிஞ்சி எப்பவுமே.”

இன்று குறைதீர்வு நாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரில் என் மேஜைக்கு முன்னால் பத்து மணிக்கே வரிசை. பதினோரு மனு எழுதினேன். ஒரு பெரியவர், பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்றார். யாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்: “நீங்களே பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?”

“இந்தக் கண்ணாலதாம்மா பாத்தேன்.”

‘நேரில் கண்டேன்’ என்று எழுதினேன். அந்தச் சொல் இருந்தால் மனுவுக்கு ஒரு கனம் வரும்.

ஆகஸ்ட் 6 – புதன்

எவ்வளவு அதிகம் காட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் நிச்சயமாகத் தெரிந்த ஒரு தூரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். கிரிவலப் பாதையைச் சொன்னேன். பதினான்கு கிலோமீட்டர். எத்தனை பௌர்ணமி என் காலால் அளந்த தூரம்!

விடியலில் கூட்டம் வருவதற்கு முன் போனார். ரமணாசிரமத்து வாசலில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மலையைச் சுற்றி அதே இடத்துக்கு வந்து மறுபடி குறித்திருக்கிறார். கையில் எழுதிக்கொண்டு வந்தார். சீட்டு கொடுத்து அனுப்பியும் கையில்தான்.

“பதினேழரை. மலை வளந்துடுச்சு போல.”

“நடுவுல எங்கனா திரும்புனீங்களா?”

“டீ குடிச்சேன். அப்ப மீட்டரும் நின்னுதான் குடிச்சுது.”

பதினான்குக்குப் பதினேழரை. நாலில் ஒரு பங்கு கூடுதல். கணக்கில் பட்டம் வாங்கி இருபத்து நாலு வருடம் ஆகிறது. இதற்காவது உதவட்டும்.

ஆகஸ்ட் 9 – சனி, பௌர்ணமி

அடி அண்ணாமலையில் அத்தை வீட்டு வாசலில் வழக்கம்போல மோர். மதியத்திலிருந்து நான் ஊற்ற, அத்தை டம்ளர் நீட்ட, ஆயிரம் பேராவது குடித்திருப்பார்கள். எழுபத்து நாலு வயதிலும் என் மாமியார் ராஜம்மாள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். “நின்னு குடிங்கம்மா, நடந்துகினே குடிச்சா மூக்குல ஏறும்!”

எதிர்ப்பக்கம் காசியின் இளநீர்க் கடை. காசி என் வீட்டுக்காரரின் தம்பி. சாயங்காலம் கொஞ்சம் ஓய்ந்ததும் அங்கே போனேன். எனக்கு எது என்று அவன் கேட்பதில்லை. இளம் வழுக்கையாகப் பார்த்துச் சீவி, வலது கையில் கொடுப்பான். குடித்து முடித்ததும் வாங்கி உடைத்து, வழுக்கையைத் தானே வழித்து ஓட்டில் வைத்து நீட்டுவான். ஒரு கையால் நான் வழிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். எட்டு வருடமாக ஒரு தடவையும் மறந்ததில்லை.

“வண்டிக்கு எஃப்.சி.யாமே அண்ணி?”

“ஆமா. மீட்டர் பாக்கணும்.”

கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “நம்ம வண்டி எந்த மீட்டருக்கும் பயப்படாது. நின்ன எடத்துலயே நிக்குது.” கடையைச் சொன்னான்.

நானும் சிரித்தேன். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை. லாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் நகர்ந்துவிடுவோம். இன்று அவன் நகர்ந்தான்.

பத்தொன்பது வயதிலிருந்து லாரி ஓட்டியவன். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கிய லாரி இது. அவர் அப்போது அரிசி ஆலையில் வேலை பார்த்தார். ஓட்டியது காசிதான். 2017 ஜூலை 23. எங்கள் அம்மா வீட்டிலிருந்து மணிலாக்கொட்டை மூட்டைகளோடு செங்கம் ரோட்டில் திரும்பி வந்தோம். அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். ஒரு மாடு. பிறகு புளியமரம். என் கை.

அன்று முதல் அவன் சாவியைத் தொட்டதில்லை. ஆயுத பூஜைக்கு லாரிக்கு மாலை போடும்போதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பான்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

எட்டு வருடத்துக்குப் பிறகு லாரியில் ஏறினேன்.

கிரிவலக் கணக்கு தூரத்துக்குச் சரி, வேகத்துக்கும் அதுதானா என்று போனில் பார்த்துவிடலாம் என்றார். ஓட்டிக்கொண்டே அவரால் போனைப் பார்க்க முடியாது. பார்க்கவும் கூடாது. வேறு யாரைக் கூப்பிடுவது? படியில் கால் வைத்துவிட்டு மறுபடி எடுத்துவிட்டேன். அவர் இறங்கி வந்து பின்னால் நின்றார். தள்ளவில்லை. கை மட்டும் விரித்து வைத்திருந்தார், குழந்தை நடக்கும்போது பின்னால் வருவதுபோல.

செங்கம் ரோடு. முள் ஐம்பதுக்கு வந்து நின்றது. போனில் நாற்பது.

“இன்னாங்க இது, நாப்பதுதான் காட்டுது.”

“அப்படியா?”

“இத்தினி வருஷமா நாப்பதுலயா போய்ட்டு வந்தீங்க?”

“நீதான அம்பதைத் தாண்டாதன்ன.”

பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கடந்து போனான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இன்னா அருணகிரி அண்ணே, பொண்ணு அழைச்சிகினு போறியா?” என்றான். இவர் கையை ஆட்டினார். மார்க்கெட்டில் இவருக்கு ‘கட்டைவண்டி’ என்று பெயராம். இன்றுதான் எனக்குத் தெரியும். விடியலில் முதல் ஆளாகக் கிளம்பி கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. விபத்துக்குப் பிறகு ஆலை வேலையை விட்டு இந்தச் சக்கரத்தைப் பிடித்ததும் எனக்குக் கொடுத்த வாக்கு அது. முள்ளை நம்பி அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்.

திரும்பி வரும்போது சிரிப்பும் அழுகையுமாக வந்தது. நாற்பதுக்கே என் கை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13 – புதன்

போடக் கூடாது என்று நினைத்த கணக்கைப் போட்டுவிட்டேன்.

எழுபது என்றால் ஐம்பத்தாறு.

அவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன், மீட்டர் ஏன் இப்படி ஆயிற்று என்று. “கியர் பாக்ஸ் மாத்துனோமே, அப்பத்துலேர்ந்தா இருக்கும். வேற வண்டியோட பாக்ஸு. அடிபட்ட பின்னாடி முன்பக்கம் பூரா வேலை செஞ்சப்போ மாத்தினதுன்னு நெனைக்கிறேன். கலீல் பாயைத்தான் கேக்கணும்.”

அடிபட்ட பின்னாடி. அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் அன்றைக்கு மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15 – வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17 – ஞாயிறு

கலீல் ரஹ்மான் பாயின் ஷெட், அவலூர்பேட்டை ரோடு. நானும் வருகிறேன் என்றதும் அவருக்கு ஆச்சரியம். கணக்கு என்னுடையது, நானே சொல்கிறேன் என்றேன்.

பாய் லாரிக்கு அடியில் படுத்து, மீட்டர் ஒயர் வந்து சேரும் இடத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பல் சக்கரத்தை எடுத்து வந்தார். கியர் பாக்ஸ் சுற்றுவதை மீட்டருக்குச் சொல்வது அதுதானாம். எண்ணினார்.

“பதினாறு பல்லு.”

“இருபது வேணும் பாய்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“பதினேழரையைப் பதினாலால வகுத்து, பதினாறால பெருக்குங்க.”

மனதுக்குள் போட்டுப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, “நாப்பது வருஷமா நான் ஸ்பேனரை வெச்சிகினு உருண்டுகினு இருக்கேன், தங்கச்சி பேனாவாலயே கழட்டிட்டாங்க” என்றார். இவருக்கு முகமெல்லாம் பெருமை.

பாய் கையை உதறிக்கொண்டு, “இது என் தப்புதான். பழைய பாக்ஸுல இருந்த பல்லைக் கழட்டி இதுல போட்டிருக்கணும். எண்ணாம அப்படியே மாட்டிட்டேன். ஆனா ஜாஸ்திதான காட்டுச்சு? ஜாஸ்தி காட்டினா மெதுவாப் போவாங்க. யாருக்கும் கெடுதல் இல்ல” என்றார்.

இவர் டீ வாங்கப் போனார். எப்போது மாட்டினீர்கள் என்று பாயிடம் கேட்டேன். நினைவில்லை, ஆனால் பார்த்துச் சொல்கிறேன் என்று மறுபடி அடியில் போனார். டீசல் நனைத்த துணியால் கியர் பாக்ஸின் பக்கத்தைத் தேய்த்தார். “நான் மாட்டுற பாக்ஸுல எல்லாம் தேதி எழுதிடுவேன். நேத்து மாட்டினது இன்னைக்குப் பூட்ச்சுன்னு எவனும் சண்டைக்கு வரக் கூடாதுல்ல. தெரியுது பாருங்க.”

குனிந்து பார்த்தேன். கருப்பு எண்ணெய்க்கு நடுவில் வெள்ளைப் பெயிண்ட்.

11.3.17

மார்ச். விபத்துக்கு நாலு மாதம் முன்னால்.

“இன்னா தங்கச்சி, தலை சுத்துதா? டீசல் வாசனை. தள்ளி ஒக்காருங்க” என்றார் பாய்.

அதே நாள், பிறகு

எழுதி வைக்கிறேன். எழுதாமல் இருந்தால் நாளைக்கு வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அத்தை, அவர், இரண்டு பெரியப்பா வீட்டுக்காரர்கள். காசி கால்மாட்டில் நின்றிருந்தான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவனுக்கு விரோதமாகப் போயிற்று. “மாடு குறுக்க வந்துது அண்ணி. நான் அம்பத்தஞ்சுலதான் வந்தேன்” என்றான்.

நான் சொன்னேன்: “எழுபது. முள்ளை நான் பாத்தேன்.”

“முள்ளு ஜாஸ்தி காட்டுது அண்ணி. கொஞ்ச நாளாவே அப்படித்தான்.”

சொன்னான். அன்றே சொன்னான். மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். லாரி முன்பக்கம் நசுங்கி மூன்று மாதம் ஷெட்டில் கிடந்தது. யார் ஓட்டிப் பார்ப்பது? அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார்: “டிகிரி படிச்ச பொண்ணு, மீட்டர் பாக்கத் தெரியாதா அவளுக்கு? குடுடா சாவிய. இனிமே தொடாத.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தன் பங்கையும் வேண்டாம் என்றுவிட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. முள் எழுபதில்தான் நின்றது. நேரில் கண்டேன்.

ஐம்பத்தஞ்சு என்றான். கணக்கில் வருவது ஐம்பத்தாறு. அவனுக்கு முள் தேவைப்படவே இல்லை. இன்ஜின் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஐம்பத்தாறு அந்த ரோட்டில் எல்லோரும் போகும் வேகம். பால் வண்டிக்காரன் போகும் வேகம்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

‘நேரில் கண்டேன்’ என்று நாலு மனுவில் எழுதினேன். ஐந்தாவதில் பேனா ஓடவில்லை. அந்தம்மா, “மை தீந்துடுச்சாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 20 – புதன்

யாருக்கும் தெரியாது. பாய்க்கு அந்தத் தேதி வெறும் தேதி. இவர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார். புதுப் பல் சக்கரம் வேலூரிலிருந்து வந்து மாட்டியாகிவிட்டது. முள் இப்போது உண்மை பேசுகிறது. டீசல் போட்டுத் தேய்த்த இடத்தில் இன்னும் ஒரு மாதத்தில் எண்ணெய் படிந்துவிடும்.

சொல்லாமல் இருந்தால் என்ன? அவன் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. கோபமாகவும் இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வழுக்கை வழித்துக் கொடுக்கிறான் —

அதுதான் தாங்கவில்லை. கோபமாக இருந்திருக்கலாம் அவன்.

போன வருடம் கனரக லைசென்ஸைப் புதுப்பிக்க வேங்கிக்காலுக்கு வந்தான். என் மேஜையைத் தாண்டி மூன்றாவது கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டான். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி குனிந்துகொண்டேன். ஓட்டாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் வருகிறது. எப்படிப்பட்ட மனுஷி நான்?

ஆகஸ்ட் 22 – வெள்ளி

நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் கவனித்திருக்கிறார். சாயங்காலம் கடையை மூடும் நேரத்துக்கு வேங்கிக்கால் வந்து நின்றார். சுண்டல் பொட்டலம் ஒன்று. பாதி சாப்பிட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“மீட்டர் சரியாயிடுச்சேன்னு பயப்படுறியா? நெசமாவே அம்பதுல போவேன்னு?”

மிச்சமிருந்த சுண்டலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“நான் நாப்பதுலயே போறேன் மதி. பழகிடுச்சு. கட்டைவண்டின்னா கட்டைவண்டி, போவட்டும்.”

ரோட்டிலேயே அழுதுவிட்டேன். அவர் பதறி, “சரி சரி, முப்பத்தஞ்சு” என்றார். அழுகைக்கு நடுவில் சிரித்ததில் சுண்டல் புரையேறிற்று. முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் முதலில் அவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “விடு மதி, நீ வேணும்னா சொன்ன?” என்பார். என் தலையைத் தடவி என்னைத் தூங்க வைத்துவிடுவார். பிறகு தானே தனியாகப் போய்த் தம்பியிடம் மெதுவாகப் பேசி முடித்துவிடுவார். என் வாயால் போனதை அவர் வாயால் சரிசெய்ய விடுவதா?

ஆகஸ்ட் 26 – செவ்வாய்

எஃப்.சி. கிடைத்துவிட்டது. மெஷினில் ஏற்றி நாற்பதில் ஓட்டச் சொன்னார்களாம். மெஷினும் நாற்பது, முள்ளும் நாற்பது. இன்ஸ்பெக்டர், “பழைய வண்டிக்கு இவ்ளோ சரியா இருக்குதே, யாரு பாத்தது?” என்றாராம். “எங்க வீட்டுல” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தெரு முழுக்க இதைச் சொல்லியாயிற்று.

பூ வாங்கி லாரிக்குச் சாத்தினேன். வெள்ளையும் பச்சையுமாகப் புதுப் பெயிண்டில் நின்றது. எட்டு வருடமாக அதன் முகத்தைப் பார்க்காமல் வாசலைக் கடந்திருக்கிறேன். இன்று பார்த்தேன். பாவம், அதன் மேல் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 28 – வியாழன்

அத்தை போனில்: “உன் கணக்காலதான் வண்டி பாஸாச்சாமே. நான் அன்னைக்கே சொன்னேன்ல, படிச்ச பொண்ணு கண்ணு தப்பாதுன்னு.”

போனை வைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 30 – சனி

கடையில் ஆளில்லாத நேரத்தில் ஒரு தாள் எடுத்து எழுதிப் பார்த்தேன். பெறுநர்: காசி. பொருள்: — அதற்கு மேல் வரவில்லை. ஊரார் குறையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதித் தருகிறவள். கிழித்துவிட்டேன். அன்று யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் வாயால் சொன்னதுதான் அவனிடமிருந்து வண்டியை எடுத்தது.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

காலையில் வெந்நீர் வைக்க மறந்துவிட்டேன். சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. கை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நாளைக்கு லோடு இல்லை என்றார். மதியம் சாவியைக் கொண்டுவந்து, மாட்டிவிடு என்று என்னிடம் கொடுத்துவிட்டு, மீட்டர் பெருமை பேச வேடியப்பன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஆணி இருக்கிறது. மாட்டப் போனேன். மாட்டவில்லை.

நாளைக்குத் திங்கள். என் மேஜை ஒரு நாள் காலியாக இருக்கட்டும். ஒன்பது மணி பஸ்ஸில் அடி அண்ணாமலை போகிறேன். அத்தையை வாசலுக்கு அழைத்து உட்கார வைத்துவிட்டு, எதிர்க் கடையிலிருந்து காசியைக் கூப்பிடுவேன். அன்று ஆஸ்பத்திரியில் சொன்னது எவ்வளவு சத்தமாகக் கேட்டதோ அவ்வளவு சத்தமாகச் சொல்வேன்: ஐம்பத்தாறு. அவன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. கியர் பாக்ஸ் தேதியைச் சொல்வேன். அத்தை நம்பாவிட்டால், படிச்ச பொண்ணு போட்ட கணக்கு என்று சொல்வேன். அத்தை கண் முன்னால் அவன் கொடுத்த சாவியை அத்தை கண் முன்னாலேயே அவனிடம் கொடுப்பேன். பாதி வண்டி அவனுடையது.

வாங்கிக்கொள்வானா? மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறது. எட்டு வருடத்தைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க என்னால் முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கிக்கொண்டால், வீட்டுக்கு வந்து வண்டியை எடு, செங்கம் ரோட்டில் அந்தப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பலாம், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று கேட்கப்போகிறேன். முள்ளைப் பார்க்க மாட்டேன்.

அவருக்கு வருத்தமாக இருக்கும், தன்னிடம் முதலில் சொல்லவில்லையே என்று. இருக்கட்டும், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். இந்த ஒன்றில் அவர் எனக்குப் பின்னால் கை விரித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வந்துவிட்டார். செருப்பு சத்தம் கேட்கிறது. நாளைக்கு எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டால், இளநீர் குடிக்க என்று சொல்லப்போகிறேன்.

சாவி என் கைப்பையில் இருக்கிறது.